வர வேண்டும் என்றுதான் எழுதினேன்

மார்ச் 4

சின்னு,

காகிதத்தில் எழுதுகிறாளே என்று பார்க்காதே. இங்கே மெயில் அனுப்புவதென்றால் கம்ப்யூட்டர் அறைக்குத்தான் போக வேண்டும். திரை வாசலைப் பார்த்திருக்கும், பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நான் தட்டச்சு செய்வதை இவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வேண்டாம் என்று மருத்துவ அறையில் உட்கார்ந்து, பழைய மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரிக்கார அண்ணன், டவுனில் தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிடுவது நான்தான். அந்தப் பழக்கம்.

உன் கடைசி மெயில் வந்தது. "வாலு இப்போதெல்லாம் உன்னைக் கேட்டு அழுவதில்லை. என்னோடு நன்றாகப் பழகிவிட்டாள். நீ வர வேண்டாம். அவசரப்பட்டு எதையும் கெடுத்துவிடாதே."

கெடுத்துவிடாதே என்று எழுத உனக்குக் கை வந்ததா?

அவள் அப்பா போன பிறகு, உன்னை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை என்றுதான் பிள்ளையை உன் மடியில் போட்டுவிட்டு இந்தப் பொட்டல் காட்டுக்கு வந்தேன். இரண்டு வருஷம் என்று வந்தேன். முடிந்ததும் வந்துவிடுவேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன், நீயும் பக்கத்தில்தான் நின்றாய். நீ அவளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய், அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமில்லை. பார்த்துக்கொள்ளக் கொடுத்தேன். வைத்துக்கொள்ளக் கொடுக்கவில்லை.

எழுதியதைத் திரும்ப வாசித்தால் கிழித்துவிடுவேன். அதனால் வாசிக்காமல் மடிக்கிறேன்.

அக்கா

பின்குறிப்பு: பதில் போடுவதானால் லாரிக்கார அண்ணன் டவுனில் வண்டி நிறுத்தும் டயர் கடை முகவரிக்குப் போடு. உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.


மார்ச் 19

அக்கா,

உன் கடிதத்தை வாசித்த கையோடு, கண்ணாடிக் கடையில் ஒருவருடைய லென்ஸைக் கீழே போட்டு உடைத்தேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்காரச் சொன்னார். உட்கார்ந்து எழுதுகிறேன்.

வைத்துக்கொள்ளக் கொடுக்கவில்லை என்கிறாய். நல்லது. அப்படியென்றால் போன மாதம் எனக்கு ஒரு மெயில் போட்டாயே, அது என்ன? "ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க எனக்கு விருப்பம்தான். இப்போதைக்கு வர முடியாது. வாலுவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு." பக்குவமாக என்ன சொல்ல? உன் அம்மாவுக்கு அங்கேயே பிடித்துவிட்டது என்றா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் வார்த்தையிலேயே கேட்கட்டும் என்று அந்த மெயிலை அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவள் அழவில்லை. "இது அம்மா எழுதினதா சித்தி?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு உன் பேச்சை எடுப்பதே இல்லை.

அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் உனக்குப் பதில் எழுதினேன். நான் அனுப்பியது இன்னும் என் மெயிலில் அப்படியே கிடக்கிறது. எழுத்து மாறாமல் பார்த்து எழுதுகிறேன், வாசித்துக்கொள்: "வாலு இப்போதெல்லாம் உன்னைக் கேட்டு அழுவதுகூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வர வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடாதே."

வர வேண்டும் என்றுதான் எழுதினேன் அக்கா. வேண்டாம் என்று எழுதவில்லை. நான் அவளை என்னோடு பழக்கிக்கொண்டேன் என்றெல்லாம் ஒரு வார்த்தை எழுதவில்லை. நீ கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாயா, இல்லை உனக்கு வேறு எதுவோ வந்ததா?

இதை எழுதும்போதே இன்னொன்று தோன்றுகிறது. நான் எழுதியது உனக்குச் சரியாக வரவில்லை என்றால், நீ எழுதியது எனக்குச் சரியாக வந்ததா? அந்த மெயிலில் நீ என்ன எழுதினாய்? பார்த்து அப்படியே எழுதி அனுப்பு. சீக்கிரம்.

சின்னு


ஏப்ரல் 2

சின்னு,

உன் கடிதம் வந்ததும் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன். நான் அனுப்பிய மெயில் இதுதான்:

"ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க எனக்கு விருப்பம் இல்லை. எப்படியும் வந்துவிடுவேன். வாலுவிடம் சொல்லிவிடு."

"பக்குவமாக" என்ற வார்த்தையை நான் என் வாழ்நாளில் எழுதியதில்லை, உனக்கே தெரியும். ஆனால் அந்த இடத்தில் அது எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது பார். நான் எழுதியிருந்தாலும் எழுதியிருப்பேன் போல. அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. யாரோ நம் இருவர் பேச்சையும் கூட உட்கார்ந்து கேட்டுப் பழகியிருக்கிறார்கள்.

உன்னைத் திட்டி எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நாம் சண்டை போடவில்லை. போட வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒவ்வொன்றாகப் புரிகிறது. ஒப்பந்தத்தை நீட்டிக்க விருப்பமில்லை என்று தலைமை அலுவலகத்துக்கும் மெயில் போட்டிருந்தேன். கிளம்பும் நாளைக் கேட்க மேலாளரிடம் போனேன். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"என்ன சிஸ்டர், நீங்களே இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்னு எழுதிட்டு இப்ப போகணும்னா எப்படி? ஹெட் ஆபீஸ்ல உங்க இடத்துக்கு வேற ஆளே பாக்கல."

கீழே என் பெயர். நான் வழக்கமாகப் போடும் "நன்றியுடன்" கூட அதே இடத்தில் இருந்தது. நான் எழுதவில்லை என்றேன். அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "உங்க அட்ரஸ்லருந்துதானே வந்திருக்கு," என்றார். அன்றைக்கு நானே என்னைச் சந்தேகப்பட்டேன் சின்னு. தூக்கக் கலக்கத்தில் ஏதாவது தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று பழைய மெயிலைத் தேடிப் பார்த்தேன். அந்த ஒரு மெயில் மட்டும் என் பெட்டியில் இல்லை.

என்னை ஏன் பிடித்து வைக்க வேண்டும் என்று கேட்பாய். இது வெள்ளைக் கல்லை உடைத்து மாவாக அரைக்கும் இடம். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். நர்ஸ் இல்லாமல் முகாம் நடத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். என் இடத்துக்கு இந்தப் பொட்டலுக்கு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். அது ஒன்று. இன்னொன்று, ஆட்கள் இருமுகிறார்கள். சாதாரண இருமல் இல்லை. துளை போடும் இயந்திரத்தில் வேலை செய்பவர் ஒருவர் இருக்கிறார், பாட்டுக்காரர் என்று கூப்பிடுவோம், நன்றாகப் பாடுவார். இப்போது ஒரு வரி பாட இரண்டு முறை நிற்கிறார். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தால் நுரையீரல் முழுக்க வெள்ளைப் புள்ளி. அவர் மாதிரி இன்னும் பலர். தொழிலாளர் சுகாதார ஆய்வாளருக்கு இதையெல்லாம் விவரமாக மெயில் போட்டேன். "தகவலுக்கு நன்றி, மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று பதில் வந்தது. கல் நெஞ்சக்காரர்கள் என்று திட்டினேன். இப்போது யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. நான் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, வந்த பதில் அவர்கள் எழுதியதுதானா?

ஆய்வாளர் அலுவலகம் உன் ஊரில்தான் இருக்கிறது. என் கையால் எழுதிய அறிக்கையை இதோடு வைக்கிறேன். நேரில் போய்க் கொடு.

இங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. ஒரே ஒரு போன், அது மேலாளர் அறையில். என் சான்றிதழ்கள் அவர் அலமாரியில். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது, தாண்டினாலும் நடந்து போய்ச் சேரும் தூரத்தில் ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே. மெயிலை நிறுத்திவிடாதே. வழக்கம் போல எதையாவது எழுதிக்கொண்டிரு. நமக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

நீ சொன்னபடி மெயில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெயில் அதிகம், கடையில் கூட்டம், வாலு நன்றாகப் படிக்கிறாள், நீ நிம்மதியாக இரு. எல்லாம் பொய். பொய் எழுதினால் யாரும் கை வைக்காமல் உன்னிடம் வந்து சேர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தும்போது எனக்கே என் மேல் வெறுப்பாக வருகிறது.

கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் டீச்சரம்மா ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். எழுத்துப் பலகையை வாசிக்க வைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன், ஒருத்தர் அனுப்பற மெயில வழியில மாத்த முடியுமா மேடம் என்று.

"தாராளமா. மெயில் உங்ககிட்டருந்து நேரா அவங்ககிட்ட போறதில்லம்மா. நடுவுல ரெண்டு மூணு மெஷின்ல எறங்கி ஏறிப் போகும். அந்த மெஷின் யார் கையில இருக்கோ, அவங்க தொறந்து பாக்கலாம், திருத்தலாம், திருப்பி மூடி அனுப்பலாம். உறையைப் பிரிச்ச அடையாளமே இருக்காது. அனுப்பினவர் பேரு, தேதி எல்லாம் அப்படியே இருக்கும்."

"அப்ப கண்டுபிடிக்கவே முடியாதா?"

"முத்திரை வெச்சு அனுப்பற முறை ஒண்ணு இருக்கு. ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை உடைஞ்சிருக்குன்னு வாங்கறவங்களுக்குக் காட்டிக்குடுத்துடும். ஆனா ரெண்டு பக்கமும் அதைப் போட்டு வெச்சிருக்கணும்."

உன் பக்கத்துக் கம்ப்யூட்டரும், மெயில் முகவரியும், நடுவில் இருக்கும் மெஷினும் எல்லாமே உன் கம்பெனியுடையது என்றதும் அவர் புதுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப அந்த ஊருக்குள்ள போற வாசலும் அவங்களது, வெளிய வர்ற வாசலும் அவங்களது," என்றார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். சின்ன அறை, ஜன்னலை மறைத்துக் கோப்புகள். ஆய்வாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உன் அறிக்கையைப் பொறுமையாக வாசித்தார். பிறகு தன் கம்ப்யூட்டரைத் திருப்பி எனக்குக் காட்டினார். நீ அனுப்பிய மெயில். "முகாமில் சிலருக்குக் குளிர்காலச் சளியும் இருமலும் இருந்தது. மருந்து கொடுத்துக் குணமாகிவிட்டது. வேறு குறை எதுவும் இல்லை. நன்றியுடன்."

இது அவள் எழுதியதில்லை சார், வழியில் மாற்றியிருக்கிறார்கள் என்றேன்.

"இருக்கலாம்மா. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா என் நிலைமையையும் பாருங்க. இது அவங்க அலுவலக முகவரியிலருந்து, அவங்க பேர்ல வந்தது. நீங்க கொண்டுவந்தது மருந்துச் சீட்டுக்குப் பின்னால கையால எழுதினது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். நான் எதை வெச்சு அந்த ஆலைக்குள்ள காலெடுத்து வைக்கறது? அவங்க வக்கீல் மொதல்ல இந்த மெயிலைத்தான் நீட்டுவார்."

"அப்ப என்னதான் சார் வழி?"

"அவங்க நேர்ல வந்து ஒரு வாக்குமூலம் குடுக்கட்டும். எங்க கிளை அலுவலகம் அங்க டவுன்லயே இருக்கு. வந்தாங்கன்னா அன்னிக்கே நான் உத்தரவு போடறேன்."

அவளால் வர முடிந்தால் நான் ஏன் சார் இங்கே வந்து நிற்கிறேன் என்று கேட்டேன். உன் அறிக்கையைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கோப்பில் வைத்துக்கொண்டார். அது ஒன்றுதான் ஆறுதல்.

போலீசுக்கும் போனேன். உங்க அக்கா நல்லா இருக்கேன்னு உங்களுக்கே மெயில் போட்டிருக்காங்களே என்று என் செல்போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

வாலுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா அப்படி எழுதவே இல்லை, வேறு யாரோ மாற்றிவிட்டார்கள் என்றேன். கேட்டுக்கொண்டாள். "அன்னிக்கு அம்மா எழுதினதுதான்னு நீதானே சித்தி சொன்னே," என்றாள்.

சின்னு


மே 1

சின்னு,

தப்பித்துப் போகப் பார்த்தேன். முடியவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அடி ஒன்றும் படவில்லை.

லாரிக்கார அண்ணன் முன் சீட்டில் என்னை உட்கார வைத்துக்கொண்டார். முக்காடு போட்டுக் குனிந்திருந்தேன். கேட்டில் மேலாளரே நின்றிருந்தார். எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை, ஒருவேளை தற்செயலாகவும் இருக்கலாம். "எறங்குங்க சிஸ்டர், பேஷண்ட் காத்திட்டிருக்காங்க," என்று சாதாரணமாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூட நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அண்ணனிடம், இன்னொரு தடவை இப்படி நடந்தால் தண்ணீர் காண்ட்ராக்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். இந்தக் கடிதத்தை அவர் எடுத்துக்கொள்வாரா என்பதே சந்தேகம். கேட்டுப் பார்க்கிறேன்.

ஆனால் மாற்றுவது யார் என்று தெரிந்துவிட்டது.

கம்ப்யூட்டர் அறையில் ஒருவர் இருக்கிறார் என்று முன்பு மெயிலில் எழுதியிருக்கிறேன், நம் ஊர்ப் பக்கத்துப் பேச்சு பேசுபவர். தலைவலி என்று மருத்துவ அறைக்கு வந்து, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். இந்த முகாமில் நம் ஊர்ப் பேச்சில் மனம் விட்டுப் பேச அவரை விட்டால் எனக்கு யார்? வாலுவுக்குப் பல் விழுந்ததை, நீ மாப்பிள்ளை பார்க்க வேண்டாம் என்று அடம் பிடிப்பதை, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டியிருக்கிறேன். நம் எழுத்து அவருக்கு எப்படி அவ்வளவு பொருத்தமாக வந்தது என்று இப்போது தெரிகிறதா? நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று தலைவலி என்று வந்தார். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, "பக்குவமாங்கறது உங்க வார்த்தைதானே?" என்று கேட்டேன்.

மாத்திரையை விழுங்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்பலருந்து தெரியும் சிஸ்டர்?"

"தெரிஞ்சு என்ன ஆகப் போகுது. ஏன் செஞ்சீங்க?"

"நான் மாட்டேன்னா வேற ஒருத்தனை உக்கார வெப்பாங்க. அவன் மொத்தமா அழிச்சிட்டு வேற எழுதுவான். நான் முடிஞ்சவரைக்கும் உங்க வார்த்தையவே விட்டுவெக்கறேன். ஒண்ணு ரெண்டு எழுத்துதான் தொடுவேன்."

அதை ஒரு உபகாரம் போலச் சொன்னார் சின்னு. கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது.

"என் பொண்ணு என்கிட்ட பேச மாட்டேங்கறா. அது எத்தனை எழுத்துல போச்சு?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் வெளிய போற சீட்டு கிடையாது சிஸ்டர். மூணு தடவை கேட்டுட்டேன். உங்க மெயில் என் கைக்கு வர்ற மாதிரி, என் மெயில் எல்லாம் ஹெட் ஆபீஸ்ல ஒருத்தன் கைக்குப் போகுது," என்றார். மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் மேலாளரிடம் போய்ச் சொல்லுவாரா என்று தெரியவில்லை. வெளியே ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்க்கிறேன். பாட்டுக்காரருக்கு மூச்சு இன்னும் மோசமாகிவிட்டது. இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று தினமும் கேட்கிறேன். ஹெட் ஆபீஸ் அனுமதி வரட்டும் என்கிறார்கள்.

வாலு பேசாவிட்டாலும் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள். அவள் போர்வையை உதைத்துவிடுவாள்.

அக்கா


மே 14

அக்கா,

உன் கடிதம் வந்தது, அதனால் அண்ணன் எடுத்துக்கொண்டார் என்று தெரிந்துகொண்டேன். இது உன் கைக்கு வருமா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

போன வாரம் உன் பெயரில் ஒரு மெயில் வந்தது. "இங்கே எல்லாம் நலம். இனி காகிதத்தில் எழுத வேண்டாம், தபால் சரியாக வருவதில்லை. மெயிலே போதும்." அது நீ எழுதியதா? உன்னை உட்கார வைத்து எழுதி வாங்கினார்களா? இல்லை, நீ எழுதவே இல்லையா? முன்பெல்லாம் உன் வரிகளில் எது உன்னுடையது என்று தேடினேன். இப்போது அந்தப் பக்கம் நீ இருக்கிறாயா என்றே தேட வேண்டியிருக்கிறது.

சரி அக்கா, அப்படியே செய்கிறேன் என்று மெயிலில் பதில் போட்டுவிட்டு, இதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஆய்வாளரைத் தினமும் போனில் பிடிக்கிறேன். என் குரல் கேட்டாலே சலித்துக்கொள்கிறார், ஆனால் போனை வைப்பதில்லை. டவுன் கிளையில் இருக்கும் உதவி ஆய்வாளரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். நீ எப்படியாவது டவுனுக்கு வந்தால் போதும், எந்த நேரமானாலும் வாக்குமூலம் எடுத்துக்கொள்வார்களாம்.

அந்தக் கம்ப்யூட்டர்காரர் மேல் எனக்குப் பரிதாபம் வரவில்லை. உனக்கு வந்திருக்கும் என்று தெரியும். வர விடாதே.

வாலு என் பக்கத்தில்தான் படுக்கிறாள். இன்று காலை, "அம்மா உயிரோட இருக்காளா சித்தி?" என்று கேட்டாள். இருக்கிறாள் என்றேன். "யாரு சொன்னா?" என்றாள்.

ஒரு வரியாவது எழுது.

சின்னு


மே 27

சின்னு,

டவுன் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே வந்துவிட்டேன். போனில் அவசரமாகச் சொன்னதை விவரமாகச் சொல்கிறேன். போனில் உன் அழுகைதான் கேட்டது, நான் சொன்னது உனக்குக் கேட்டிருக்காது.

காகிதத்தில் எழுத வேண்டாம் என்று வந்த மெயில் நான் எழுதியதில்லை. உன் கடிதத்தைக்கூட இங்கே வந்த பிறகுதான் டயர் கடையில் வாங்கினேன்.

முந்தாநாள் காலையில் பாட்டுக்காரருக்கு உதடும் நகமும் நீலமாகிவிட்டது. ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸைக் கொண்டுவரச் சொன்னேன். மேலாளர் வந்தார். டிரைவர் கூட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் இருங்கள் என்றார்.

"வழியில சிலிண்டர் மாத்தணும். மூச்சு நின்னா காத்துப் பையை வெச்சு அழுத்தணும். டிரைவர் வண்டி ஓட்டுவாரா, இதைச் செய்வாரா?" என்றேன்.

"ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்க. அதுக்குள்ள இவர் போயிடுவார். அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க."

அவர் போன் பேசப் போனார். நான் காத்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்க ஆள் கேட்டேன். ஷிப்ட் மாறும் நேரம், முற்றம் முழுக்க ஆட்கள். நான் கேட்டது நான்கு பேரை, வந்தது எத்தனை பேர் என்று தெரியவில்லை. எல்லோருக்கும் அதே இருமல். ஆம்புலன்ஸைச் சுற்றி நடந்துகொண்டே கேட் வரைக்கும் வந்தார்கள். காவலாளி சீட்டு எங்கே என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்கும் இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துவிட்டு, உள்ளே எட்டிப் பாட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டார். அவர் வேலை இந்நேரம் போயிருக்கும்.

வண்டி நகரும்போது கம்ப்யூட்டர்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். உள்ளே வாருங்கள் என்று கையை நீட்டினேன், கோபமெல்லாம் அந்த நேரம் எங்கே போனதோ. அவர் ஏறவில்லை. என் கையில் ஒரு போன் நம்பரைத் திணித்தார். "எங்க அம்மா நம்பர். வீட்லருந்து நலம், நலம்னு ஒரே மாதிரி மெயில் வருது சிஸ்டர். நான் செய்யற வேலைக்கு அதை எப்படி நம்பறது. ஒரு தடவை குரல் கேட்டுச் சொல்லுங்க," என்றார். மேலாளர் ஓடி வருவது தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டோம்.

பாட்டுக்காரர் பிழைத்துவிட்டார். பிழைத்துவிட்டார் என்றால், மூச்சு இருக்கிறது. போன நுரையீரல் திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் விழித்ததும் என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பாடுகிறாரா, தண்ணீர் கேட்கிறாரா என்று தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

உதவி ஆய்வாளரம்மா ஆஸ்பத்திரிக்கே வந்து வாக்குமூலம் எடுத்துக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். முடித்ததும் திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். இன்னொரு தடவை என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நின்று, சரிதானே என்று கேட்டார். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் நாளைக்கு முகாமுக்குள் போகிறார்கள். பெரிய கம்பெனி, வக்கீல் வைப்பார்கள், எத்தனை வருஷம் இழுக்குமோ. என் சான்றிதழ்கள் அங்கேயே கிடக்கின்றன, அது வராமல் வேறு வேலையும் கிடைக்காது. பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று அந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். கம்ப்யூட்டர்காரரின் தங்கை. அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். "அம்மாகிட்டயா?" என்று திரும்பக் கேட்டாள். பிறகு, "அம்மா போய் வருஷம் ஒண்ணு ஆகப் போகுது," என்றாள். "அண்ணனுக்கு மெயில் போட்டோம். 'வர வசதிப்படாது, நீங்களே காரியத்தை முடிச்சிடுங்க'ன்னு பதில் வந்துச்சு. அதோட நாங்க அவர்கூடப் பேச்சை விட்டுட்டோம். இப்ப எதுக்கு அம்மாவைக் கேக்கறார்?"

அப்படி ஒரு பதில் அவர் எழுதியிருக்க மாட்டார் என்று நான் சொன்னேன். அவள் நம்பவில்லை. நீங்கள் யார் என்றாள். நர்ஸ் என்றேன். அவர் அனுப்பிய பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது, வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன்.

இதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். நாளை உள்ளே போகும் ஆய்வாளரம்மாவிடம் சொல்லியனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். முன்பின் தெரியாதவர் வாயால் கேட்கிற செய்தியா இது. எழுத உட்கார்ந்தேன். உனக்கு இவ்வளவு நீளம் ஓடுகிற கை, அவருக்கு முதல் வரியிலேயே நின்றுவிட்டது. நீ பரிதாபப்படாதே என்றாய். அவர் செய்ததை நான் மன்னிக்கவில்லை சின்னு. ஆனாலும் இதை எழுதி அந்தம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அதனால் ஒரு நாள் தாமதமாகும்.

போனில் வாலுவைக் கூப்பிட்டபோது அவள் வரவில்லை என்று நீ ரொம்ப வருத்தப்பட்டாய். அவளை வற்புறுத்தாதே. அம்மா வரப்போகிறாள் என்று எடுத்துச் சொல்லிப் புரிய வைக்கவும் வேண்டாம், அவள் நிறையக் கேட்டுவிட்டாள். நான் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பேசினால் பேசட்டும். இல்லாவிட்டால் அப்படியே உட்கார்ந்திருப்போம்.

அக்கா